மணி மட்டும் அடிக்கச் சொன்னார்கள்

பட்டிமன்ற நடுவராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவனுக்கு உலகத்தில் எந்த விவாதத்தையும் நடத்தத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். இரண்டு நாடுகள் சண்டை போட்டால்கூட நடுவில் ஒரு மேஜை, ஒரு மணி, ஒரு சோடா வைத்து என்னை உட்காரவைத்தால், ஒன்றரை மணி நேரத்தில் கைதட்டலோடு முடித்து இரு தரப்பையும் ஒரே வேனில் ஏற்றி அனுப்பிவிடுவேன் என்ற எண்ணம். இதை வெளியிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் இன்னும் மோசம்.

மேடைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எப்படிச் சிரிக்கவைப்பது, எங்கே நிறுத்துவது, மைக் கரகரத்தால் என்ன செய்வது என்பதைத்தான். அதெல்லாம் நாலு மேடை ஏறினால் தானாக வரும். ஐம்பத்து நாலு வயதில் தொண்டை மக்கர் செய்து மேடையை விட்டு இறங்கியவன் என்ற உரிமையில், நான் செய்த ஒரு கோமாளித்தனத்தைச் சொல்கிறேன். இதை வேறு யாரும் செய்திருக்க முடியாது. நம் தொழில்காரன் மட்டும்தான் செய்வான்.

நம் ரகசியம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். யார் எந்த அணி என்பது வேனில் முடிவாகும். போன வாரம் சிதம்பரத்தில் மருமகளுக்காகக் கண்ணீர் விட்டவர், இந்த வாரம் விருத்தாசலத்தில் மாமியாருக்காக அதே கண்ணீரை அதே இடத்தில் விடுவார். தீர்ப்பும் அப்படித்தான். என்னை நடுவர் நாற்காலிக்குக் கொண்டுவந்தவர், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஒரே ஒரு நுணுக்கம்தான் சொல்லிக்கொடுத்தார். தீர்ப்பைப் பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துகொள், மேடையில் யோசித்தால் முகம் கோணும் என்றார். எந்தப் பக்கம் சொன்னால் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சண்டையில்லாமல் சாப்பிடுவார்களோ அந்தப் பக்கம். இரண்டு தரப்பையும் தூக்கிவைத்துப் புகழ வேண்டும். பிறகு ‘இருந்தாலும்’ என்று சொல்லி நிறுத்த வேண்டும். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். அப்போது ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். அந்த ‘இருந்தாலும்’ என் நாக்கில் குடியேறி, ரேஷன் கார்டும் வாங்கிவிட்டிருந்தது.

இப்படிப்பட்டவனை ஒரு கட்சி கூப்பிட்டது. சின்னக் கட்சி, பெயர் வேண்டாம். பொதுவாக எந்தக் கட்சியிலும் மேலிடம் ஒரு பெயரைச் சொல்லும், கீழே இருப்பவர்கள் பட்டாசு வாங்கப் போவார்கள். ஆனால் இந்தக் கட்சியின் கடலூர் மாவட்ட உறுப்பினர்கள் இரண்டு வருடம் மல்லுக்கட்டி ஒரு உரிமையை வாங்கியிருந்தார்கள். கூட்டணியில் மாவட்டத்துக்கு ஒரு தொகுதி கிடைத்தால் அதில் யார் நிற்பது என்பதை உறுப்பினர்களே வாக்குப் போட்டு முடிவு செய்வார்கள். எந்தத் தொகுதி என்று யாருக்கும் தெரியாது. பெண் யாரென்று தெரியாமல் மாப்பிள்ளைக்கு மட்டும் வேட்டி எடுக்கிறீர்களா என்று கேட்டேன். கூப்பிட வந்த மாவட்டச் செயலாளர் சிரிக்கவில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் அமுதா. கடலூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர், ரசாயன ஆலைகள் சூழ்ந்த செம்மங்குப்பம் பக்கத்துப் பெண், முப்பத்தாறு வயது. அந்த வாக்குரிமைக்காகக் கட்சிக்குள் இரண்டு வருடம் மல்லுக்கட்டியது முக்கியமாக அவர்தான். இனிப் பொறுக்க எதுவும் மிச்சமில்லை, ஒவ்வொரு ஆலையும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் வாக்கு வாங்கித்தான் நடக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மூட வேண்டும், நிலமும் நீரும் ஊர் கைக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். இன்னொருவர் கலியமூர்த்தி. சேத்தியாத்தோப்புக்காரர், அறுபதை நெருங்கியவர். ஒரு மதகு, ஒரு சிறு பாலம், ஒரு பஸ் நிறுத்தம் என்று மனுவோடு அலைந்து வாங்கியே தலை நரைத்தவர். ஒவ்வொன்றாகத்தான் ஆகும், ஆனால் ஆகும் என்பது அவர் வாதம்.

வாக்குப்பதிவுக்கு முன்னால் இருவரும் உறுப்பினர்கள் எதிரில் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிறு பிற்பகல் கடலூர் மஞ்சக்குப்பத்தில், அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்தில். மறுநாள் இரண்டு ஊரிலும் பெட்டி. செயலாளர் என்னிடம் தெளிவாகத்தான் சொன்னார். தீர்ப்பு கிடையாது. நேரம் பார்த்து மணி மட்டும் அடிக்க வேண்டும். நானும் தலையாட்டினேன். ஆனால் பேனரில் என்ன போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டபோது ‘நடுவர்’ என்று போட்டுவிட்டார்கள். பத்தடிக்குப் பத்தடியில் என் மூஞ்சி. கீழே ‘புரட்சியா, படிப்படியா?’ என்று சிவப்பு எழுத்து. அந்தப் பேனரைப் பார்த்ததுமே என் உடம்பு சட்டென்று பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. கலியமூர்த்தி முதலில் பேசினார்.

“அந்த மதகு ஷட்டர மாத்த ஏழு வருஷம் ஆச்சுங்க. அதுக்குள்ள எனக்கு மீசை நரைச்சிடுச்சி. ஆனா ஷட்டர் இன்னைக்கி ஏறுது, எறங்குது.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அமுதா எழுந்து, கைதட்டல் அடங்கும்வரை நின்றார்.

“அந்த ஏழு வருஷமும் தண்ணி நின்ன வயலுக்கு யாருங்க பதில் சொல்றது?”

நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்டபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘டைமிங் பிரமாதம், நம்ம அணியில் சேர்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் நினைத்தேன். பேசியதை நான் கேட்கவே இல்லை. எங்கே சிரிப்பு விழுகிறது, எங்கே தொய்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் மணி அடித்தேன். அத்தோடு எழுந்து போயிருக்க வேண்டும். எதிரே அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் மணி வைத்த மேஜைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவன் கடைசியில் ஏதாவது சொல்லாமல் ஜனங்கள் செருப்பைத் தேட மாட்டார்கள்.

மைக்கை இழுத்தேன். அமுதாவைப் புகழ்ந்தேன், நெருப்பு என்றேன். கலியமூர்த்தியைப் புகழ்ந்தேன், ஈரம் என்றேன். ‘இருந்தாலும்’ என்றேன். மூச்சைப் பிடித்தார்கள். நெருப்பு ஒரு வேளை சமைக்கும், ஈரம்தான் வருடம் முழுவதும் விளைவிக்கும், ஆகவே படிப்படியே சிறந்தது என்று தீர்ப்பளிக்கிறேன் என்று முடித்தேன். அபாரமான கைதட்டல். மேடையில் செயலாளரின் முகம் வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி ஆனதைப் பார்த்த பிறகுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

பதற்றத்தில் கால் போன பக்கம் போனேன். பின்வாசல் வழியாக வந்து பஸ் ஏறினேன். அது பண்ருட்டி பஸ். என் வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது, நடந்தாலே போய்விடலாம். நெல்லிக்குப்பத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டேன், ஏதோ அரிசிக்குள் இருந்தால் கட்சிக்காரர்களுக்குக் கேட்காது என்பது போல. ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, என் மனைவியிடம் எண்ணச் சொன்னேன். அவள் எண்ணிவிட்டு ஒன்று சொன்னாள். அதுதான் என்னை உண்மையில் உட்காரவைத்தது.

“அதெல்லாம் போட்டுட்டீங்க. கலியமூர்த்தி யாரு தெரியுமில்ல? எங்க பெரியப்பா வழியில எனக்கு சித்தப்பா மொற.”

சேத்தியாத்தோப்பில் பெண் எடுத்தவன் நான். அந்த ஊரில் பாதிப் பேர் எனக்கு மாமா, மீதிப் பேர் மச்சான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தீர்ப்புச் சொன்னபோது அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. மறுநாள் காலை அது மாவட்டம் முழுக்க ஒரு விஷயமாகியிருந்தது. மாமனார் ஊர்க்காரருக்குத் தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்தே வாசித்தான் என்று பேச்சு. எழுதிக்கொண்டு வரவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன் என்று விளக்கம் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அது எந்த வகையில் மேல் என்று எனக்கே விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செயலாளர் வீட்டுக்கு வந்தார். கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயம். மேலிடத்துக்கு ஏழெட்டுப் புகார் போயிருக்கிறது என்றார். அங்கே முதலிலிருந்தே இந்த வாக்குப்பதிவு பிடிக்கவில்லை. நிறுத்த ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஒரு புகார் வந்துதுன்னா ஓட்டே கெடையாதுன்னுட்டாங்க. பேரு மேலேருந்து வரும். அது இவுங்க ரெண்டு பேருல யாரும் இல்ல.”

ஆக நான் அடித்த ‘இருந்தாலும்’ ஒரு வேட்பாளரை மட்டும் தள்ளவில்லை, அத்தனை உறுப்பினர்களின் வாக்கையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்த்தது. செயலாளரிடம் ஒரு வழியும் இருந்தது. சிதம்பரத்தில் நான் அமுதாவுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று. கணக்கு நேராகிவிடும், யாரும் வாய் திறக்க முடியாது. அந்த யோசனையைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவியது. எவ்வளவு அழகான யோசனை! காபி கொடுக்கச் சொன்னேன். புரட்சிக்குச் சாதகமாக ‘நெருப்பில்லாத அடுப்பு’ என்று ஒரு வரிகூடத் தயார் செய்துவிட்டேன், அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள்.

அந்த மகிழ்ச்சி புதன்கிழமை வரை இருந்தது. கலியமூர்த்தி வந்தார். அவர் நன்றி சொல்வார் என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“நல்லது பண்றன்னு நெனச்சி என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே மாப்ள. ஜெயிச்சா நீ ஜெயிக்க வச்சன்னுவாங்க. தோத்தா, மாப்ள சொல்லியும் தோத்தான்னுவாங்க. நான் எந்தப் பக்கம் போறது, சொல்லு.”

சிதம்பரத்தில் அமுதாவுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நின்று பழகியவர் அவர். என் வாசலில் மட்டும் நிற்க முடியவில்லை.

வியாழக்கிழமை நீதிமன்றத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க. போகிற வழியில் அதையும் ஒத்திகை பார்த்தேன், இரண்டு இடத்தில் நகைச்சுவை வைத்திருந்தேன். அமுதா ஒரு வழக்கில் வாய்தா வாங்கிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். முதல் நகைச்சுவை வரைக்கும் பேச விட்டார்.

“ஊர் ஊரா போயி ‘முடிவு உங்க கையிலதான்’னு சொல்லிட்டு வந்தேன் சார். நம்ப மாட்டன்னாங்க. நம்ப வச்சேன். நீங்க ரெண்டு நிமிஷத்துல அத எடுத்துக்கினீங்க.”

நான் செயலாளரின் திட்டத்தைச் சொன்னேன். சனிக்கிழமை அவருக்கே தீர்ப்பு, ஜாஸ்தி கைதட்டலோடு. அவர் ஃபைலின் நாடாவை இழுத்துக் கட்டினார்.

“வேணாம் சார். எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னு குடுத்தீங்கன்னா, அது நீங்க குடுக்குற பொருளா ஆயிடும். ஒங்ககிட்ட குடுக்கறதுக்கு என்னா இருக்குது?”

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். இரண்டாவது நகைச்சுவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

இங்கே ஒரு நிமிடம். எத்தனையோ மேடைகளில் நான் பார்த்தவர்கள் எல்லாம் வேனில் பிரித்துக்கொடுத்த பக்கத்தைப் பேசியவர்கள். நானும் அப்படியே. இந்த இரண்டு பேரும் தாங்கள் சொன்னதை நம்பினார்கள். அது எனக்குப் புதிது. நம்பிப் பேசுகிறவர்கள் நடுவில் உட்காருவது வேறு வேலை. அந்த வேலைக்கு என் மணியும் என் மீசையும் போதாது. இது எனக்கு விளங்கியது நல்லதுதான். ஆனால் விளங்கியதும் பதற்றம் குறையும் என்று சொல்வார்களே, அது பொய். கூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை திருவந்திபுரம் போனேன். மலைமேல் ஹயக்ரீவர் இருக்கிறார், பேச்சும் கல்வியும் வேண்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். படியேறி மூச்சு வாங்க நின்று, நாளை ஒரு நாள் என் வாயைக் கட்டிவிடும் என்று வேண்டினேன். அந்தச் சன்னிதியில் அப்படி ஒரு விண்ணப்பம் முன்னால் வந்திருக்காது என்று நினைக்கிறேன். கீழே வந்தபோது மொட்டை போட்டுக்கொண்டால் சிதம்பரத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாதே என்றும் ஒரு யோசனை வந்தது. வரிசையில்கூட நின்றேன். பேனரில் இருக்கிற மூஞ்சிக்கு மொட்டை மட்டும்தான் குறை என்று சொல்வார்கள் என்று தோன்றியதும் விலகிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். அப்படி இருந்தால், ஓடிவிட்டான் என்று புகார் போகும். போனாலும் புகார், போகாவிட்டாலும் புகார்.

சனிக்கிழமை சிதம்பரம். மேல வீதியை ஒட்டிய ஒரு மண்டபம், பிற்பகல் மூன்று மணி. கடலூர்க் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமாக நான் உள்ளே நுழைந்தால் ஒரு சிரிப்பு ஓடும், அன்று ஓடியது கேலி விசில். முதல் வரிசையில் செயலாளர். அவர் என்னிடம் பேசவில்லை, ஒரு விரலை மட்டும் அமுதாவின் நாற்காலிப் பக்கம் லேசாகக் காட்டினார்.

அன்று முதல்முறையாக நான் கேட்டேன். வேட்பாளர்கள் பேசினார்கள், நான் கேட்டேன், அவ்வளவுதான். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற ஒருவர் எழுந்து, மூடச் சொல்கிறீர்களே, அன்றைக்கு என் வீட்டில் உலை எப்படி வைப்பது என்று அமுதாவைக் கேட்டார். அமுதா அதற்கு முழுப் பதில் தன்னிடம் இல்லை என்றார். இல்லை என்று ஒரு மேடையில் ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இன்னொரு பெண்மணி கலியமூர்த்தியிடம், நீங்கள் வாங்கித் தந்தது எல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடியவைதானே, கேட்டாலும் கிடைக்காததை எப்போது கேட்பீர்கள் என்றார். அவர் தண்ணீர் குடித்தார். கேட்டதில்லை என்றார். எனக்கு இரண்டு பேர் மீதும் மரியாதை வந்தது, எந்தப் பக்கம் சாய்வது என்பது சுத்தமாகப் போய்விட்டது.

ஐந்து மணிக்கு மணி அடித்தேன். அதே காட்சி. யாரும் எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், தீர்ப்பு என்றார். அப்புறம் நாலு பேர். செயலாளரின் விரல் மறுபடியும் அசைந்தது. சும்மா இறங்கினால் பயந்துவிட்டான் என்பார்கள், சொன்னால் விற்றுவிட்டான் என்பார்கள். எழுந்தேன். வேண்டுதல் பலிக்கவில்லை. வாய் திறந்தது, என்னைக் கேட்காமலே அமுதாவைப் புகழ்ந்தது, கலியமூர்த்தியைப் புகழ்ந்தது, நான் தடுக்கத் தடுக்க ‘இருந்தாலும்’ என்றும் சொல்லிவிட்டது. மூச்சைப் பிடித்தார்கள். அமுதா கண்ணை மூடிக்கொண்டார்.

இருபது வருடத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரியாமல் நின்றது அன்றுதான்.

“இருந்தாலும், எனக்கு இந்தக் கட்சியில ஓட்டு இல்லைங்க,” என்றேன். “கடலூர்ல சொன்னதும் ஓட்டு இல்லாதவன் சொன்னதுதான். கலியமூர்த்தி எனக்கு மாமனார் மொற, அதையும் சொல்லாம தீர்ப்பு சொன்னேன். அதுக்குச் செயலாளர் மேல, வேட்பாளர் மேல யாரு மேலயும் புகார் எழுதாதீங்க. எம்மேல எழுதுங்க. விலாசம் தரன்.”

கைதட்டல் வரவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார்.

“அப்ப இவ்ளோ நேரம் அங்க எதுக்கு ஒக்காந்திருந்தீங்க?”

“மணி அடிக்கம்மா.”

சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நான் சிரிக்கவைத்து அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு ஒரு நாள் தெரியவரும். நான் மேடையிலிருந்து இறங்கி, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டேன். மேஜைக்குப் பின்னால் யாரும் இல்லை என்றானதும் ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் நின்று தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள், ஷட்டரா, ஆலையா என்று. யாரும் என்னைக் கேட்கவில்லை.

செயலாளர் கிளம்பும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் என்னைக் கூப்பிடவில்லை. அதைச் சாதனையாக நான் சொல்லிக்கொள்வது உண்டு.

உங்களையும் ஒரு நாள் இப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள். போவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிவு யாருடையது என்று. உங்களுடையது இல்லை என்றால் பஸ்ஸில் ஏறும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள். நாக்கை நம்பாதீர்கள், அது உங்களைவிட அனுபவசாலி. தப்பு செய்துவிட்டால், அதை நேராக்க இன்னொரு தப்பைக் கொண்டுவருகிறவர் மிக நல்லவராக, வீட்டுக்கே வந்து காபி குடிப்பவராக இருப்பார். நான் இரண்டு நாள் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தேன். இதையெல்லாம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மேலிடத்துக்கு அந்த வாரம் வேறு புகார் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு நடந்தது. இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாக எண்ணினார்கள். நான் இறங்கி உட்கார்ந்த சிதம்பரத்தில், கலியமூர்த்தியின் சொந்தப் பக்கத்தில், அமுதாவுக்கு இருபத்தெட்டு வாக்கு கூடுதல். நான் தீர்ப்புச் சொன்ன கடலூரில், அமுதாவின் சொந்த ஊர்ப் பெட்டியில், கலியமூர்த்திக்கு முப்பத்தொன்பது கூடுதல். ஆலைத் தொழிலாளிகள் வேலைக்குப் பயந்து போட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். பதினொரு வாக்கில் அமுதா தோற்றார்.